சுவாதீனமும் இசைவும்: தென்னாப்பிரிக்கச் சமூக நில வழக்குகளில் வெளியேற்றத் தடை

1. கேள்வி

2018 அக்டோபர் 25 அன்று தென்னாப்பிரிக்காவின் அரசமைப்பு நீதிமன்றம், இரண்டு பிளாட்டினச் சுரங்க நிறுவனங்கள் கீழ் நீதிமன்றத்தில் பெற்றிருந்த வெளியேற்ற ஆணையை ரத்துசெய்தது. வடமேற்கு மாகாணத்தில் பிலானெஸ்பெர்க் மலைகளை ஒட்டி வில்கெஸ்ப்ரைட் என்றொரு பண்ணை நிலம் இருக்கிறது. அதில் தலைமுறைகளாக உழுதும் மாடு மேய்த்தும் வந்த லெசெட்லெங் ஊரார் முப்பதுக்கும் மேற்பட்டோர் தொடுத்த மேல்முறையீடு அது. சட்ட உலகில் 'மலேடு வழக்கு' என்று அறியப்படுகிறது. ஃபிரான்ஸ் ஃபனோனின் வரி ஒன்றோடு தொடங்கும் அந்தத் தீர்ப்பை ஏழைகளின் வெற்றி என்று பலரும் கொண்டாடினார்கள். அது வெற்றிதான். ஆனால் எதன் வெற்றி என்பதை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தனியார் நிலத்தில் வெளியேற்றத்துக்குத் தடை கிடைத்தால் யாருக்குக் கிடைத்தது என்பதில் குழப்பம் இல்லை; மனு போட்டவருக்குக் கிடைத்தது. பலர் சேர்ந்து அனுபவிக்கும் நிலத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. சமூகத்தின் பெயரால் ஒருவர் நிலத்தை விட்டுக்கொடுக்கிறார். அதே சமூகத்தின் பெயரால் இன்னொருவர் விட மறுக்கிறார். இரு தரப்பும் மரபைச் சுட்டுகிறது, இரு தரப்பும் 'நாங்கள்' என்கிறது. இந்நிலையில் நீதிமன்றம் தரும் தடையாணை எதைக் காக்கிறது? நிலத்தையா, நிலத்தின் மீதுள்ள ஒருவரின் கைப்பிடியையா, சமூகத்துக்குள் பேசும் உரிமையையா? இக்கட்டுரை தென்னாப்பிரிக்க வழக்குகளைக் கொண்டு இந்த ஒரு கேள்வியை ஆராய்கிறது.

என் வாதம் சுருக்கமானது. வெளியேற்றத்தைத் தடுக்கும் ஆணைகளை வெறும் தற்காலிக நிவாரணம் என்று சட்ட அறிஞர்கள் பலர் இரண்டாம் வரிசையில் வைக்கிறார்கள். சமூக நிலங்களைப் பொறுத்தவரை அந்த வரிசை பிழையானது. 'பத்திரம் யார் பெயரில்' என்ற கேள்வியை ஒத்திவைத்து 'இசைவு தந்தது யார்' என்ற கேள்வியை நீதிமன்றத்துக்குள் கொண்டுவரும் வழி பெரும்பாலும் இந்த ஆணைகளில்தான் கிடைக்கிறது. அதே ஆணை தலைவர் கையிலும் நிறுவனத்தின் கையிலும் ஆயுதமாகும் என்பதும் இந்த வாதத்தின் பகுதியே.

2. பத்திரம் ஏன் அவர்கள் பெயரில் இல்லை

வில்கெஸ்ப்ரைட்டை 1919-இல் பதின்மூன்று குடும்பக் கிளைகள் பணம் சேர்த்து வாங்கின. வாங்கியவர்கள் அவர்கள், பதிவானது அவர்கள் பெயரில் அல்ல. பக்கட்லா பா கஃபேலா சமூகத்துக்காக அமைச்சர் அறங்காவலராக வைத்திருப்பார் என்ற வகையில் பத்திரம் எழுதப்பட்டது. நூறாண்டு கழித்து நடந்த வழக்கின் வேர் இந்த ஒரு பதிவில் இருக்கிறது.

1905-இல் டிரான்ஸ்வால் உச்ச நீதிமன்றம் செவூ வழக்கில், கறுப்பினத்தவர் தம் பெயரிலேயே நிலத்தைப் பதிவுசெய்யலாம் என்று தீர்ப்பளித்திருந்தது. அந்தக் கதவு சில ஆண்டுகளே திறந்திருந்தது. 1913-ஆம் ஆண்டின் பூர்வகுடி நிலச் சட்டம் நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 7 விழுக்காட்டைக் கறுப்பினப் பெரும்பான்மைக்கு ஒதுக்கி, மற்ற இடங்களில் நிலம் வாங்குவதற்குத் தலைமை ஆளுநரின் தனி அனுமதியை வேண்டியது. 1936-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அளவை ஏறத்தாழ 13 விழுக்காடாக உயர்த்தியது. அனுமதி கேட்டுப் போன குழுக்களிடம் அதிகாரிகள் எதிர்பார்த்தது ஒரு குடியின் பெயரை, ஒரு தலைவரின் ஒப்புதலை. தாமே சேர்ந்து, தம் காசில் வாங்கிய குடும்பங்கள் காகிதத்தில் ஒரு பெரிய குடிக்குள் கரைந்துபோயின.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் அயலான செய்தி அல்ல. அதே டிரான்ஸ்வாலில் 1885-ஆம் ஆண்டின் 3-ஆம் சட்டம் தமிழர் உள்ளிட்ட ஆசியர்கள், ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு வெளியே நிலம் வைத்திருப்பதைத் தடைசெய்திருந்தது. இந்திய வணிகர்கள் நம்பிக்கைக்குரிய வெள்ளையர் பெயரில் சொத்தை எழுதிவைத்துச் சமாளித்தார்கள். அவர்களுக்குப் பினாமி ஒரு தனிமனிதர். கறுப்பின உழவர்களுக்குப் பினாமி அரசும் தலைவரும். தனிமனிதப் பினாமி செத்தாலோ ஏமாற்றினாலோ வழக்குப் போடலாம். அரசே பினாமியாக இருக்கும்போது, பினாமி என்ற நினைவே இரண்டு தலைமுறையில் மறைந்து, அறங்காவலரே உரிமையாளர் போலப் பேசத் தொடங்கிவிடுகிறார்.

இந்தப் பகுதி 1977 முதல் 1994 வரை, இனஒதுக்கல் ஆட்சி கறுப்பினத்தவருக்கென அமைத்த தாயகங்களில் ஒன்றான 'சுதந்திர' போபுதட்ஸ்வானாவாக இருந்தது. இனஒதுக்கல் ஆட்சி முடிந்தபின் தாயகப் பகுதிகள் நாட்டோடு இணைந்தன. நிலப் பதிவேடுகள் மாறவில்லை. நாட்டின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இன்றும் பத்திரமில்லாமல், ஆனால் உரிமையில்லாமல் அல்ல, வாழும் நிலங்கள் இவை. அரசமைப்பின் 25-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவு, பழைய இனப்பாகுபாட்டுச் சட்டங்களால் உறுதியற்றுப்போன நில உரிமை கொண்டோருக்கு உறுதியான உரிமையோ அதற்கு ஈடான நிவாரணமோ தரவேண்டும் என்கிறது. அதை நிறைவேற்ற நாடாளுமன்றம் 2004-இல் இயற்றிய சமூக நில உரிமைச் சட்டத்தை, 2010 மே மாதம் டோங்கோவானே வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. மாகாணங்களைப் பாதிக்கும் மசோதாவுக்கு உரிய நடைமுறையில் அது நிறைவேற்றப்படவில்லை என்பதே காரணம். அதன் இடத்தை நிரப்பும் நிரந்தரச் சட்டம் வரவில்லை.

ஆக, மிஞ்சியது 1996-இல் வந்த முறைசாரா நில உரிமைகளுக்கான இடைக்காலப் பாதுகாப்புச் சட்டம். மிகச் சிறிய சட்டம். 1997 இறுதியில் காலாவதியாக வேண்டியது. அமைச்சர் ஒவ்வோராண்டும் நீட்டித்து நீட்டித்துப் பல பத்தாண்டுகளைக் கடந்துவிட்டது. கோடிக்கணக்கானோரின் நிலப் பாதுகாப்பு ஆண்டுக்கொருமுறை அரசிதழில் புதுப்பிக்கப்படும் ஓர் அறிவிப்பில் தொங்கிக்கொண்டிருப்பது விசித்திரம்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு சொல்வது எளிதில் தள்ளிவிட முடியாதது: முறைசாரா நில உரிமை கொண்ட எவரிடமிருந்தும் அவருடைய இசைவின்றி அதைப் பறிக்கக் கூடாது.

3. கேட்காமல் காக்கும் ஆணை

வெளியேற்றத்தைத் தடுக்கத் தென்னாப்பிரிக்க உழவர்களிடம் உள்ள கருவிகளில் மிகப் பழமையானது, பறித்ததைத் திருப்பித்தரும் ஆணை. ரோமன்-டச்சுச் சட்ட மரபில் வந்தது. இடைக்காலக் கிறித்தவத் திருச்சபைச் சட்டத்தில் பிறந்தது. இதில் மனுதாரர் இரண்டே செய்திகளை நிறுவினால் போதும்: நிலம் அமைதியாகத் தன் சுவாதீனத்தில் இருந்தது, சட்டவழியன்றி அது பறிக்கப்பட்டது. உரிமையாளர் யார் என்ற விசாரணைக்கு நீதிமன்றம் அங்கே இடம் தராது. முதலில் திருப்பிக்கொடு, பிறகு வழக்காடு என்பதே நெறி. இதன் செவ்வியல் எடுத்துக்காட்டாக மாணவர்களுக்குச் சொல்லப்படும் 1906-ஆம் ஆண்டின் டிரான்ஸ்வால் வழக்கில் பறிபோனது நிலம்கூட அல்ல, குத்தகைக்கு எடுத்த ஒரு பில்லியர்ட்ஸ் அறை.

இந்தியாவிலும் இதன் உறவுக்காரர் உண்டு. 1963-ஆம் ஆண்டின் குறித்த பரிகாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, சட்டவழியன்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு என்ன உரிமை பேசினாலும் சுவாதீனத்தை மீட்டுத் தருகிறது. ஆனால் அரசுக்கு எதிராக அந்தப் பிரிவில் வழக்குப் போட முடியாது. சமூக நிலங்களைப் பறிப்பது பெரும்பாலும் அரசோ அரசின் அனுமதி பெற்றவரோ என்பதை நினைத்தால், அந்த ஒரு விலக்கு எவ்வளவு பெரியது என்பது விளங்கும். தென்னாப்பிரிக்காவின் ஆணைக்கு அந்த விலக்கு இல்லை.

வில்கெஸ்ப்ரைட்டில் நடந்தது இதுதான். 2008 மே மாதம் நிறுவனத்துக்குச் சுரங்க உரிமை வழங்கப்பட்டது. 2014-இல் முழு அளவிலான பணிக்கான ஏற்பாடுகள் தொடங்கின. உழவர்கள் நீதிமன்றம் போய், 2015-இல் பறித்ததைத் திருப்பித்தரும் ஆணையைப் பெற்றார்கள். நிறுவனங்கள் பின்வாங்கவில்லை, மாஹிகெங் உயர் நீதிமன்றத்தில் உழவர்களை வெளியேற்றவும் அவர்கள் நிலத்தில் நுழையாமல் தடுக்கவும் ஆணை கேட்டன, பெற்றன. மேல்முறையீட்டுக்கான அனுமதியை உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றமும் மறுத்தபிறகே வழக்கு அரசமைப்பு நீதிமன்றத்துக்கு வந்தது. ஆகவே, சுவாதீன ஆணையால் நிலம் காப்பாற்றப்பட்டது என்று சொல்ல முடியாது. அது செய்த வேலை வேறு. இயந்திரங்கள் ஏறிவிட்ட நிலத்தில் உரிமை பேசிப் பயனில்லை. அந்த ஆணையால் நிறுவனங்கள், தரையில் முடித்துவைக்கப் பார்த்ததை நீதிமன்றத்தில் ஆவணங்களோடு நிறுவவேண்டிய நிலைக்கு வந்தன. 'உங்களுக்கு இசைவு தந்தது யார்?' என்று கேட்கும் மேடை அதனால்தான் அமைந்தது.

வீட்டுக்கும் வயலுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 26-ஆம் பிரிவு எவரையும் நீதிமன்ற ஆணையின்றி வீட்டிலிருந்து வெளியேற்றத் தடைவிதிக்கிறது. 1998-ஆம் ஆண்டின் சட்டவிரோத வெளியேற்றத் தடுப்புச் சட்டம் அதை விரிவாக்கியது. நகரச் சேரிகளைப் பற்றிய புகழ்பெற்ற தீர்ப்புகள் அனைத்தும் இந்தத் தளத்தில் எழுந்தவை. ஆனால் மேய்ச்சலும் உழவும் நடக்கும் காடுகழனி வீடு அல்ல. ஊரிலுள்ள கூரையை விட்டுவிட்டு விளைநிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், வீட்டைக் காக்கும் பெருஞ்சட்டங்கள் துணைக்கு வருவது கடினம். வாழ்வாதாரம் முழுவதும் போனாலும் கூரை நிற்கிறது என்ற வாதம் எடுபடும். எனவேதான் பழைய சுவாதீன ஆணையும் 1996-இன் சிறிய இடைக்காலச் சட்டமும் இத்தனை சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது.

4. தடையாணை யார் கையிலும் போகும்

தடையாணை பற்றிய தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் தாய்த்தீர்ப்பு 1914-ஆம் ஆண்டின் செட்லோகெலோ வழக்கு. தெளிவான உரிமை, நிகழ்ந்த அல்லது நிகழக்கூடிய கேடு, வேறு பரிகாரமின்மை ஆகிய மூன்று தேவைகளை எல்லா வழக்குரைஞர்களும் இன்றுவரை அதிலிருந்துதான் சொல்கிறார்கள். 1913 சட்டம் வந்த மறு ஆண்டில், பதிவுப் பெயர் தம்மிடம் இல்லாத ஒரு கறுப்பின உழவரின் நில அனுபோகத்தைக் காத்த தீர்ப்பு அது. வணிகப் போட்டி, காப்புரிமை, பங்குச் சந்தை என எல்லாத் தடையாணை மனுக்களிலும் மேற்கோளாகும் அந்தப் பெயரின் பின்னால் ஒரு துண்டு நிலம் இருப்பதை நீதிமன்றங்களே நினைவுகூர்வதில்லை.

அங்கே தொடங்கிய கருவி நேர் எதிர்த்திசையிலும் பயணித்தது. பக்கட்லா பா கஃபேலா சமூகத்தின் 32 ஊர்களில் ஒன்று மொட்லாபே. தலைமையின் கணக்குவழக்கிலும் சுரங்க வருமானத்திலும் ஐயங்கொண்ட அவ்வூரார், பிரிந்துபோவது பற்றிப் பேசக் கூட்டம் கூட்ட முயன்றார்கள். தலைவர் தரப்பு உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது: அதிகாரமின்றிக் கூட்டம் கூட்டக் கூடாது, சமூகத்தின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது. நிலத்திலிருந்து யாரையும் வெளியேற்றாத தடை அது. ஆனால் நிலத்தைப் பற்றிப் பேசும் அவையிலிருந்து மக்களை வெளியேற்றியது. 2013 பிப்ரவரி 28-இல் பிலானே எதிர் பிலானே வழக்கில் அரசமைப்பு நீதிமன்றத்தின் பெரும்பான்மை அந்தத் தடைகளை நீக்கியது. தலைமை நீதிபதி மொகோயெங் உள்ளிட்ட இருவர் மாறுபட்டார்கள்; இணை அதிகார மையங்கள் உருவானால் மரபுத் தலைமை நிலைகுலையும் என்ற அச்சம் அவர்களுடையது. அந்த அச்சத்தை முற்றாகத் தள்ள நான் தயாரில்லை. ஆனால் பேச்சைத் தடுத்துத்தான் நிலைக்க முடியும் என்றால் அது தலைமையா என்ற கேள்வியும் எழாமல் இல்லை.

இந்த வழக்கை நிலச்சட்ட நூல்கள் கருத்துச் சுதந்திரம் என்ற தலைப்பில் வைத்துவிட்டுப் போகின்றன. மலேடு வழக்கோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அதன் எடை தெரிகிறது. கூட்டம் கூட முடியாத ஊரால், தன் இசைவு பெறப்படவில்லை என்பதையும் நிறுவ முடியாது.

மறுபக்கம், உழவரும் சூழலியலாளரும் கேட்ட தடை கிடைக்காமல் போன வழக்குகளும் உண்டு. குவாசூலு-நட்டாலின் சோம்கேலே நிலக்கரிச் சுரங்கத்துக்கு எதிரான மனுவை 2018-இல் உயர் நீதிமன்றமும், 2021-இல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தன. அந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில், 2020 அக்டோபரில், சுரங்க விரிவாக்கத்தை எதிர்த்துவந்த மூதாட்டி ஒருவர் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நீதிமன்றம் கால அவகாசம் எடுக்கும்போது தரையில் காலம் நின்றுகொண்டிருப்பதில்லை.

5. மலேடு தீர்ப்பு சொன்னதும் சொல்லாததும்

நீதிபதி பெட்சே எழுதிய ஒருமித்த தீர்ப்பு இரண்டு கேள்விகளை எடுத்துக்கொண்டது.

முதலாவது கனிமச் சட்டம் பற்றியது. 2002-ஆம் ஆண்டின் கனிம, பெட்ரோலிய வள மேம்பாட்டுச் சட்டப்படி கனிமங்களுக்கு அரசு காப்பாளர். சுரங்க உரிமை பெற்றவர் நிலத்தில் நுழையலாம், இயந்திரங்களை இறக்கலாம். அப்படியானால் மேற்பரப்பில் உழுகிறவர் வழிவிட வேண்டியதுதானே? நிறுவனங்களின் வாதம் ஏறத்தாழ இதுதான். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சுரங்க உரிமையும் மேற்பரப்பு உரிமையும் அருகருகே நிற்பவை. ஒன்று வந்தால் மற்றது தானாக மறையாது. நுழைவுக்கு எதிர்ப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அச்சட்டத்தின் 54-ஆம் பிரிவு விரிவாகச் சொல்கிறது: மண்டல மேலாளருக்கு அறிவிக்க வேண்டும், அவர் இரு தரப்பையும் பேசவைக்க வேண்டும், இழப்பீடு உடன்பாட்டிலோ நடுவர் வழியிலோ நீதிமன்றத்திலோ தீர வேண்டும். இந்தப் படிகளை முடிக்காமல் நேரே வெளியேற்ற ஆணை கேட்க முடியாது.

நடைமுறை நுணுக்கம் போலத் தெரியும் இந்த முடிவின் விளைவு பெரியது. அதுவரை நிறுவனத்தின் பக்கம் விரைவு இருந்தது, உழவரின் பக்கம் தாமதம் இருந்தது. இப்போது விரைவைக் கேட்பவரே படிகளை ஏறிவர வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் உழவரின் இருக்கை வலுப்பெறுகிறது.

இரண்டாவது கேள்வியே என் கருத்தில் சாரமானது: லெசெட்லெங் உழவர்கள் தங்கள் உரிமை பறிபோவதற்கு இசைந்தார்களா? நிறுவனங்கள் ஒரு தீர்மானத்தைக் காட்டின. 2008 ஜூன் மாதம் பக்கட்லா சமூகத்தின் பொது அவை கூடி, நிலத்தைச் சுரங்கத்துக்குக் குத்தகைக்கு விட ஒப்புதல் அளித்தது என்றன. தேதிகளைப் பாருங்கள்: சுரங்க உரிமை மே மாதம், அவை ஜூன் மாதம். ஆனால் நீதிமன்றத்தின் பார்வை தேதியைவிட ஆழமான ஒன்றில் தங்கியது. இடைக்காலச் சட்டத்தின்படி சமூக நிலத்தில் ஒருவரின் உரிமையை அச்சமூகத்தின் மரபுப்படி எடுக்கலாம். அந்த மரபில் ஒரு கொள்கை அடங்கியிருப்பதாகவே கருதப்பட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது: அந்த உரிமை கொண்டவர்கள் போதிய முன்னறிவிப்போடு, பங்கேற்க நியாயமான வாய்ப்போடு கூடிய கூட்டத்தில் பெரும்பான்மையாக முடிவெடுக்க வேண்டும்.

இங்கே சட்டம் ஒரு துணிச்சலான வேலையைச் செய்திருக்கிறது. மரபு என்ன என்பதைத் தலைவரிடமோ மானுடவியலாளரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்வதோடு நிற்காமல், மரபுக்குள் ஒரு குறைந்தபட்ச மக்களாட்சியைத் தானே ஊன்றிவிட்டது. நீதிமன்றம் அதைப் பிடித்துக்கொண்டது. பெருஞ்சமூகத்தின் அவைத் தீர்மானம், வில்கெஸ்ப்ரைட்டில் நேரடி உரிமை கொண்டவர்கள் முறைப்படி அழைக்கப்பட்டு இசைந்தார்கள் என்பதை நிறுவவில்லை என்று முடிவுசெய்தது. சமூகத்தின் பெயரில் பத்திரம் இருக்கலாம்; இசைவு தரவேண்டியவர்கள் நிலத்தில் கைப்பிடி கொண்டவர்கள். 1919-இல் காகிதத்துக்குள் கரைந்துபோன குடும்பங்கள் 2018-இல் மறுபடி கண்ணுக்குத் தெரிந்தன.

தீர்ப்பு சொல்லாததும் உண்டு. உழவர்களே உரிமையாளர்கள் என்று அது அறிவிக்கவில்லை. சுரங்க உரிமையை ரத்துசெய்யவுமில்லை. வெளியேற்றம் கூடாது என்று எப்போதைக்குமாகச் சொல்லவில்லை. இந்த வழியில் கூடாது என்றது. இதைத் தீர்ப்பின் குறை என்று சொல்வோர் உண்டு. எதிர்பார்ப்பைத் தவறான இடத்தில் வைத்ததால் வந்த மனக்குறை அது என்றே எனக்குத் தோன்றுகிறது. வழக்கு வெளியேற்ற மனுவிலிருந்து வந்தது; உரிமை மூலம் பற்றிய வழக்கிலிருந்து அல்ல.

ஒரு மாதம் கூட ஆகவில்லை. 2018 நவம்பரில், கிழக்குக் கேப் மாகாணக் கடலோரத்தின் ஸோலோபேனி பற்றிய பலேனி வழக்கில் பிரிட்டோரியா உயர் நீதிமன்ற நீதிபதி அன்னலி பாஸன் இன்னும் ஒரு படி மேலே போனார். டைட்டேனிய மணலுக்காக ஓர் ஆஸ்திரேலிய நிறுவனத்தின் துணை நிறுவனம் கேட்ட சுரங்க உரிமையை வழங்குவதற்கு முன்பே, உம்குங்குண்ட்லோவு சமூகத்தின் முழுமையான, அறிந்து தந்த இசைவு வேண்டும் என்றார். கனிமச் சட்டம் கேட்பது கலந்தாலோசனை மட்டுமே. இடைக்காலச் சட்டம் கேட்பது இசைவு. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் நெறி. மலேடு தீர்ப்பு வாசலில் நிறுத்தியவரைப் பலேனி தீர்ப்பு தெருமுனையிலேயே நிறுத்தியது எனலாம். அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்ற அமாதிபா நெருக்கடிக் குழுவின் தலைவர் 2016 மார்ச்சிலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

6. வாசிப்புகள்

சமூக நிலம் பற்றிய கோட்பாட்டு விவாதம் மூன்று முகாம்களில் நடக்கிறது. ஒன்று, ஹெர்னாண்டோ டி சோட்டோவின் வழியில், தனிப்பட்டா கொடுத்துவிட்டால் சிக்கல் தீரும் என்பது. இதில் நான் அதிகம் நிற்கப்போவதில்லை; மேய்ச்சலும் நீரும் பங்கிட முடியாதவை, குடும்ப உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை என்று பென் கசின்ஸ் போன்றோர் தந்த மறுப்பு போதுமானது.

இரண்டாவது மஹ்மூத் மம்தானியின் 1996-ஆம் ஆண்டு நூலிலிருந்து வருவது. சமூக நிலம், மரபுச் சட்டம், தலைவர் என்ற முக்கோணத்தையே காலனியம் வடிவமைத்தது. கிராமத்தில் குடிமகன் இல்லை, ஆளப்படுபவனே இருந்தான் என்பது அவர் வாதம். பக்கட்லா வரலாறு பெருமளவு இதற்குச் சான்று தருகிறது. ஆனாலும் மம்தானியின் சட்டகத்தில் லெசெட்லெங் உழவர்களுக்கு இடம் குறைவு. அவர்கள் மரபை விட்டு வெளியே வந்து குடிமக்களாக வழக்காடவில்லை. மரபுக்குள் நின்றுகொண்டு, எங்கள் மரபில் இப்படி நிலம் கைமாறாது என்றார்கள்.

மூன்றாவது முகாமில் அனின்கா கிளாசென்ஸ், சோன்வாபிலே ம்ன்வானா, கேவின் கேப்ஸ் போன்ற ஆய்வாளர்கள். பிளாட்டின வருமானம் தலைவர் வழியாகவே ஓடவேண்டும் என்ற ஏற்பாடு, குழுவாக நிலம் வாங்கியோரின் வரலாற்றை அழித்துக் குடியின் சொத்தாக்கியது என்று களஆய்வுகளால் காட்டியவர்கள் இவர்கள். மரபு என்பது தலைவரின் வாய்மொழி அல்ல, மக்கள் நாள்தோறும் பேசி மாற்றிக்கொள்வது என்ற கிளாசென்ஸின் நிலைப்பாடு மலேடு தீர்ப்புக்கு மிக அருகில் இருக்கிறது. நான் இவர்களோடு பெரிதும் உடன்படுகிறேன். ஒரே ஒரு வேறுபாடு: இவர்கள் நீதிமன்ற வெற்றிகளை மரபு பற்றிய கருத்துப் போரின் வெற்றியாகப் படிக்கிறார்கள். வழக்கு ஆவணங்களின் போக்கைப் பார்த்தால், மரபு பற்றிய அந்த வாதம் காதில் விழுவதற்கு முன், சுவாதீனம் கைவிட்டுப் போகாமல் இருந்தது முன்நிபந்தனையாகத் தெரிகிறது. நிலத்தை இழந்துவிட்டு மீட்டெடுக்கக் கேட்போரின் மனுக்கள் பல்லாண்டுகள் முடிவின்றிக் கிடக்கும் நாட்டில், கையில் நிலம் இருப்பவரின் வாதமே அவசர வாதமாகிறது.

குவாசூலு-நட்டாலின் இங்கோன்யாமா அறக்கட்டளை இதற்கு இன்னொரு கோணம் தருகிறது. 1994-இல் உருவான அறக்கட்டளையின் கீழ் ஏறத்தாழ 28 லட்சம் ஹெக்டேர். சூலு அரசரே ஒரே அறங்காவலர். பழைய குடியிருப்பு அனுமதிச் சீட்டுகளையும் மரபு உரிமைகளையும் குத்தகையாக மாற்றச் சொல்லி, தம் நிலத்திலேயே மக்களை வாடகை கட்டவைத்தது அறக்கட்டளை. யாரையும் வெளியேற்றவில்லை. ஆனால் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளில், உரிமையாளர் குத்தகைதாரராகிவிடுகிறார். பின்னாளில் வாடகை பாக்கிக்காக வெளியேற்றலாம். 2021 ஜூனில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்து, வாங்கிய வாடகையைத் திருப்பித்தரச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் பலர். வழக்கைக் கொண்டுசென்றவர்களில் கிராமப்புறப் பெண்கள் இயக்கமும் ஒன்று. வெளியேற்றத்தை அதன் கடைசிக் கட்டமான காவலர், லாரி, பூட்டு என்ற வடிவில் மட்டும் தேடினால் இத்தகைய வழக்குகள் கணக்கில் வராது.

7. பெரும்பான்மை, எதன் பெரும்பான்மை?

இசைவு என்ற கேள்வி நீதிமன்றத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி திறவாமல் இருக்கிறது. இடைக்காலச் சட்டம் 'அந்த உரிமை கொண்டவர்களின்' பெரும்பான்மை என்கிறது. வில்கெஸ்ப்ரைட்டில் அது 32 ஊர்களின் பெரும்பான்மை அல்ல என்பது தெளிவாகிவிட்டது. லெசெட்லெங் ஊரின் பெரும்பான்மையா, பதின்மூன்று கிளைகளின் பெரும்பான்மையா என்று கேட்டால் இரண்டாவதற்கே நியாயம் அதிகம். அந்தக் கிளைகளில் ஏழு இசைந்து ஆறு மறுத்தால்? மறுத்த ஆறின் வயல்கள்தான் கனிமப் படிவத்தின் மேல் இருந்தால்? வெளியூர் போய் ஜோகானஸ்பர்க்கில் வேலைபார்க்கும் பேரன் உரிமை கொண்டவர்தான். நாள்தோறும் மாட்டை ஓட்டிப்போகும் மருமகளின் பெயர் எந்தப் பட்டியலில் வரும்?

சட்டத்தின் முதல் வாக்கியம் தனிநபரின் இசைவைக் கேட்கிறது. சமூக நிலத்துக்கான அடுத்த வாக்கியம் பெரும்பான்மையை ஏற்கிறது. மலேடு வழக்கில் இந்த இரண்டும் மோதவில்லை, ஏனெனில் முறையான கூட்டம் நடந்ததற்கே சான்று போதவில்லை. நிறுவனங்கள் இதிலிருந்து பாடம் கற்காமல் இருக்கப்போவதில்லை. முன்னறிவிப்பு ஒட்டப்பட்டதற்குப் புகைப்படம், வருகைப் பதிவேட்டில் குடும்பவாரியாகக் கையெழுத்து, கூட்ட நடவடிக்கைக்கு ஒலிப்பதிவு என எல்லாவற்றோடும் அடுத்த வழக்கில் வருவார்கள். அப்போது நீதிமன்றம் கூட்டம் நடந்ததா என்று கேட்பதோடு நிறுத்த முடியாது. கூட்டத்துக்கு முன் யாருக்கு எவ்வளவு தகவல் தரப்பட்டது, இழப்பீட்டுத் தொகை யாரிடம் பேசப்பட்டது, பெண்கள் பேசினார்களா அல்லது அமர்ந்திருந்தார்களா என்று கேட்க வேண்டிவரும். பலேனி தீர்ப்பு 'அறிந்து தந்த' இசைவு என்று சொன்னபோது அந்த விசாரணைக்கான முதல் இழையைத் தந்தது. ஆனால் அது உயர் நீதிமன்றத் தீர்ப்பு. நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் மலேடு தீர்ப்பு அந்த அளவுக்குப் போகவில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய நிரந்தரச் சட்டம் வரும்வரை, அளவு கூட்டத்தின் எண்ணிக்கையில் இருக்கக் கூடாது, பாதிப்பின் கனத்தில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து: எவருடைய வயல் அழிகிறதோ அவர்களின் இசைவு தனியாகவும், மற்றவர்களின் இசைவு பெரும்பான்மையாகவும் பெறப்பட வேண்டும். சட்டத்தின் இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாக வாசிக்க இதற்கு இடமிருக்கிறது. எந்த வாக்கியத்தையும் வளைக்க வேண்டியதில்லை. இந்த வாசிப்பை ஏற்றால், பதின்மூன்றில் ஏழு என்ற கணக்கைக் காட்டி வெளியேற்ற ஆணை கேட்டு வருபவர், எஞ்சிய ஆறு கிளைகளின் கையெழுத்தையும் மனுவோடு இணைக்க வேண்டியிருக்கும்.